சீட்டிடம் கேட்டேன், அம்மன் பூவில் சொன்னாள்

சைக்கிள் மணி கேட்டால் எனக்குப் பயம். போன வருடம், தொண்ணூற்றாறில், தை மாதம் தொடங்கிச் சித்திரை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் மாமாவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பட்டறைக்கு முன்னால் சின்னதாக ஒரு ஆபீஸ் அறை. அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். தெருவில் மணிச் சத்தம் கேட்டதும் ஜமால் வந்துவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எட்டிப் பார்த்தால் பால்காரராக இருக்கும். போஸ்ட்மேனாக இருக்கும். ஆனாலும் மறுபடி திரையைப் பார்க்க வெகுநேரமாகும்.

ஜமால் என் விரோதி இல்லை. என் சிநேகிதன். அதுதான் கொடுமை.

நம் கரியகாளியம்மன் அந்தப் பயத்திலிருந்து என்னை எப்படி இழுத்து வெளியே விட்டாள் என்பதை, அவளை நம்பி வருகிற உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டே இருப்பதுதான் என் வியாதி. அதனால் இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

எங்களுக்குத் தாராபுரம் பக்கம். வாய்க்கால் பாசனம், நெல்லும் கரும்பும். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கோயமுத்தூரில் எம்.சி.ஏ. சேர்ந்தபோது, "எம்பையன் கம்ப்யூட்டருக்குப் படிக்கிறானுங்க" என்று அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் அந்தப் படிப்பில் சேரலாமா வேண்டாமா என்றுகூட அம்மனிடம் பூக் கேட்டுத்தான் முடிவு செய்தோம். நம் பக்கத்தார் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணறு வெட்டுவதோ கல்யாணமோ எதுவானாலும், வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவோம். சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எங்கள் கோயிலில் இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒரு காரியத்தை ஒருமுறைதான் கேட்கலாம். கேட்கிறவர் வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்க வேண்டும். முன்னொரு காலத்தில் ஒருவர் எருமை வாங்கலாமா என்று மனதுக்குள் கேட்டாராம். சிவப்பு வந்துவிட்டது. வெளியே வந்து, "நான் எள்ளு விதைக்கறதத்தான் கேட்டனுங்க" என்று சொல்லிவிட்டு எருமையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அந்த எருமை கடைசிவரைக்கும் அவரை மட்டும் முட்டியது என்பார்கள். அதிலிருந்துதான் வாய்விட்டுச் சொல்லும் கட்டுப்பாடு வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எம்.சி.ஏ. கடைசிப் பருவத்தில் பாடம் கிடையாது. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதி, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு ஜோடி ஜமால். உக்கடம் பக்கம் வீடு. அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, குடையும் பூட்டும் பழுது பார்க்கிற கடை. அவன் வீட்டிலும் கல்லூரிக்கு வந்தது அவன்தான் முதல். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பம்ப்செட் கம்பெனியின் உதிரிபாக இருப்புக் கணக்கு. உள்ளே வருகிற சாமான், வெளியே போகிற சாமான் எல்லாவற்றையும் பதிந்துகொள்கிற பாதி ஜமாலுடையது. பதிந்ததைக் கூட்டிக் கழித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று அச்சடித்துத் தருகிற பாதி என்னுடையது. என் பாதி இல்லாவிட்டால் அவனுடைய பாதி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

ஜமாலுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஆனியில் சேர வேண்டும். படிப்பை முடித்த சான்றிதழோடு வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் புரோகிராம் ஓடினால்தான் அவனுக்குச் சான்றிதழ். ஓடாவிட்டால் இரண்டு பேரும் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த வேலை அவனுக்காகக் காத்திருக்காது.

மாசி மாதமே அவன் தன் பாதியை முடித்துவிட்டான். நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

சோம்பேறி என்று நினைப்பீர்கள். தோட்டங்காட்டில் தண்ணீர் கட்டவும் கரும்பு வெட்டவும் சலிக்காதவன் நான். ஆனால் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் எனக்கு என்னவோ ஆகிவிடும். மாமா பில் போடுவதற்காக வாங்கி வைத்த கம்ப்யூட்டர் அது. சாயங்காலம் லேத் நின்றதும் எனக்கு விட்டுவிடுவார். முதலில், பெட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு தொடங்கலாம் என்று நினைப்பேன். டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்த ஒரு புரோகிராம் உண்டு. அதை ஓடவிட்டால் திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள் தோன்றி, ஒவ்வொன்றாக இடம் மாறி வரிசையில் போய் உட்காரும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏதோ நானே வேலை செய்கிற மாதிரி இருக்கும். பிறகு திரையின் நிறத்தை மாற்றுவேன். எழுத்தின் அளவை மாற்றுவேன். சும்மா இருக்கும்போது கரியகாளியம்மன் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் திரையில் ஓடும்படி செய்தேன். அதற்கு ஒரு சாயங்காலம் போயிற்று. பக்திக் காரியம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் சீட்டு வந்தது. கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற, தனியாளாக ஆடுகிற சீட்டாட்டம். ஒருநாள் மாமா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ளே, சீட்டாடற பாடமும் உங்க காலேஜுல இருக்குதுங்களா?"

"மவுஸ் பழகறதுக்குங்க மாமா."

"நானும் சின்ன வயசுல நல்லாத்தான் பழகினேன். எங்கய்யன் சாட்டைய எடுத்துட்டு வந்துட்டாரு. அவருக்கு இந்தப் பாடம் தெரியல." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இங்கேதான் எனக்குள் ஒரு கோணல் புத்தி புகுந்தது. பூக் கேட்டே வளர்ந்தவன் ஆயிற்றே. ஒருநாள் சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு நினைத்தேன்: இந்த ஆட்டத்தில் சீட்டு முழுதும் சேர்ந்துவிட்டால் இன்றைக்கு அம்மனுக்குச் சம்மதம், உடனே தொடங்கிவிடுவது, சேராவிட்டால் நேரம் சரியில்லை. சேரவில்லை. சரி, அது சும்மா, இதுதான் நிஜமாகக் கேட்பது என்று மறுபடி போட்டேன். அதுவும் சேரவில்லை. மவுஸ் பொத்தானை ஒருதரம் அமுக்கினால் போதும், புதிதாக ஏழு வரிசை வந்து நிற்கும். கேட்டதையே எத்தனை முறை கேட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. சில நாள் சேரவும் செய்யும். சீட்டுகள் துள்ளித் துள்ளித் திரையில் விழும். அப்போது எனக்குக் களைப்பாக இருக்கும். சகுனம் கிடைத்துவிட்டது, நாளைக்குக் காலையில் குளித்துவிட்டு நல்லபடியாகத் தொடங்கலாம் என்று எழுந்துவிடுவேன்.

மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து சகுனம் பார்ப்பேன்.

ஜமாலின் சைக்கிள் மணி கேட்டதும் சீட்டை மூடிவிட்டு, டிஸ்க் ஒழுங்குபடுத்துகிற புரோகிராமை ஓடவிட்டுவிடுவேன். அவன் உள்ளே வரும்போது திரையில் கட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

"ரிப்போர்ட் வருதாடா?"

"வருதுடா. பிரிண்ட் மட்டும் கொஞ்சம் இழுக்குது."

"காட்டு, பார்க்கலாம்."

"டிஸ்க் ஓடிட்டிருக்குது பாரு. நடுவுல நிறுத்துனா எல்லாம் போயிரும்."

"ஐயோ, நிறுத்தாதே. ஓடட்டும்." அவன் உடனே கையை எடுத்துக்கொள்வான். போகும்போது மெதுவாகக் கதவைச் சாத்துவான், சத்தத்தில் டிஸ்க் கெட்டுவிடும் என்பது போல.

அவன் கதவை அப்படிச் சாத்துகிறபோதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று துடிப்பேன். அந்தத் துடிப்பு தாங்காமல் ஒரு ஆட்டம் போடுவேன்.

பங்குனி முடிவதற்குள் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. வைகாசி முதல் வாரத்தில் தேர்வாளர் வருகிறார் என்று கல்லூரியில் அறிவித்தார்கள். அதைப் படித்ததும் காது அடைத்துப்போயிற்று. ஜமாலிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை வாயைத் திறந்தேன். வரவில்லை. சித்திரை பிறந்ததும், ஊரில் அம்மன் கோயில் நோம்பி என்று பொய் சொல்லிவிட்டுத் தாராபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அம்மனை வேண்டினேன். என்ன வேண்டினேன் தெரியுமா? முடித்துக் கொடு என்று இல்லை. "தாயே, இந்தத் தடவை விட்டுவிடு என்று நீயே சொல்லிவிடு. உன் வாக்கு என்றால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்." தள்ளிப்போடுவதற்கும் தெய்வத்தின் கையெழுத்து வேண்டியிருந்தது எனக்கு.

நான் கேட்கும் முன்பே அம்மாவே சொன்னார்.

"என்ன கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்டே?"

"கம்ப்யூட்டர் சரியில்லைங்கம்மா. பரீட்சைக்குப் போறதா வேண்டாமான்னு தெரியல."

"அதுக்கு எதுக்குச் சாமி மலைச்சுப் போய் உக்காந்திருக்கறே? வெள்ளிக்கிழமை பூக் கேட்டுப்போடலாம்."

எனக்கு உயிர் வந்தது. வெள்ளை வந்துவிட்டால் ஐப்பசி வரைக்கும் மூச்சு விடலாம். எப்படிக் கேட்பது என்று அதையும் மனதுக்குள் சோடித்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் கோயிலுக்குப் புறப்படுகிற நேரம். கையில் ஒரு துணிப்பையோடு ஜமால் வாசலில் நிற்கிறான்.

இந்தத் தடவை மணிச் சத்தம்கூட இல்லை. திரும்பி வீட்டுக்குள் ஓடிவிடலாமா என்றிருந்தது.

"மாமாகிட்ட விலாசம் கேட்டு வந்தேன்டா. நோம்பியில உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் பார்த்தேன். காலேஜ்ல சாருக்கு ரெண்டு பாதியையும் சேர்த்துக் காட்டணுமாம். உன் ஃப்ளாப்பிய மட்டும் குடு, அடுத்த பஸ்ஸுல போயிடறேன்."

அவன் தெருவைப் பார்த்தான். தோரணமும் இல்லை, மேளமும் இல்லை.

அம்மாவுக்கு அவன் யார் என்று தெரிந்ததும் ஒரே சந்தோஷம். "வாங்க கண்ணு, நீங்கதான் ஜமாலுங்களா? உங்களப் பத்தித்தான் சொல்லிட்டே இருப்பான். பஸ்ஸுல வந்தது அலுப்பா இருக்கும். கோயிலுக்குப் போயிட்டு ஒரே எட்டுல வந்தர்றோம், வந்து ஒண்ணா உக்காந்து சாப்புடலாமுங்க."

"நானும் கூட வாரேனுங்கம்மா. தனியா உக்காந்து என்ன பண்றது?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

எங்கள் கோயில் சின்னது, உங்களுக்குத் தெரியும். மேலே ஓடு, முன்னால் வேம்பு. ஜமால் செருப்பைக் கழற்றிவிட்டு வேம்படியில் நின்றுகொண்டான். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். அவன் நிற்கிற தூரத்துக்குச் சத்தம் கேட்காது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பூசாரி இரண்டு பூவரச இலைகளில் பூவை மடித்தார். வெளியே தெரியாதபடி நூலால் சுற்றினார்.

"சொல்லுங்க தம்பி. வெள்ளை வந்தா என்ன, சிவப்பு வந்தா என்ன?"

"வெள்ளை வந்தா," என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. "வெள்ளை வந்தா இந்தத் தடவை பரீட்சைய விட்டுப்போட்டு ஐப்பசில எழுதிக்கிறனுங்க. சிவப்பு வந்தா இப்பவே எழுதறனுங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். "ஏன் விடோணும்? எல்லாம் முடிஞ்சு போச்சுன்னுதான போன மாசம் சொன்னே?"

"கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? காட்டுல எவ்வளவு ஓட்டியிருக்கறே, எவ்வளவு ஓட்ட வேண்டி கெடக்குது?"

அம்மன் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு பொய் வரவில்லை.

"இன்னும் ஏரே பூட்டலைங்கப்பா."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார். பூசாரி மட்டும் தன் வேலையைப் பார்த்தார். "சரிங்க. எடுக்கறதுக்குச் சம்பந்தமில்லாத ஆளு ஒருத்தரு வேணும். அந்த வேம்புகிட்ட நிக்கற தம்பிய வரச் சொல்லுங்க."

நான் திரும்பினேன். ஜமால் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாமே அவன் காதில் விழுந்திருந்தது.

"நான் எடுக்கக் கூடாதுங்க," என்றான். சத்தம் போடவில்லை. "நான் சம்பந்தமில்லாதவன் இல்லீங்க. அந்தப் பரீட்சைல என் பேரும் இருக்குதுங்க."

பூசாரி என்னைப் பார்த்தார். "அப்ப அவரு பேரையும் சேர்த்துச் சொல்லோணும் தம்பி. பாதியச் சொல்லிக் கேட்டா நாளைக்குச் சண்டை வரும். மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொல்ல வேண்டும். முதலிலிருந்து. அம்மன் முன்னால், ஜமால் முன்னால்.

"வெள்ளை வந்தா," என்று தொடங்கினேன். "நானும் ஜமாலும் இந்தத் தடவை பரீட்சைய விட்டுப்போடறமுங்க. ஜமாலுக்குப் பெங்களூர் வேலை போயிருமுங்க."

இத்தனை மாதமாக நான் சீட்டிடம் கேட்ட கேள்வியில் அவன் பெயர் இருந்ததே இல்லை. பஸ்ஸில் வேண்டிய வேண்டுதலிலும் இல்லை. என் பயம், என் மூச்சு, என் ஐப்பசி. அவன் பெயரை வாயால் சொன்ன பிறகுதான் நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பூசாரி இரண்டு இலைச் சுருளையும் அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். வெளியூர்க்காரர். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார்.

கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. வெள்ளை வந்துவிட்டால் வந்ததுதான். அம்மன் வாக்கை மீறி அப்பா என்னைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார். அந்த அம்மாவின் கை ஒரு சுருளின் மேல் போய், நின்று, மற்றொன்றுக்கு நகர்ந்தது. என் வலது கைச் சுட்டுவிரல் தொடையில் தானாக அமுக்கிக்கொண்டிருந்தது. அமுக்கு, கலைத்துப் போடு, அமுக்கு, கலைத்துப் போடு. அங்கே பொத்தான் இல்லை.

அப்போதுதான் நான் நிஜமாக வேண்டினேன். சோடித்த சொல் ஒன்றும் இல்லை. "தாயே, வெள்ளை வேண்டாம். சிவப்பைக் கொடு. நான் எழுதுகிறேன். சிவப்பைக் கொடு." கண்ணில் தண்ணீர் கொட்டியது. எத்தனையோ வருடமாகக் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கும்பிட்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது.

பூசாரி நூலைப் பிரித்தார். இலையை விரித்தார்.

சிவப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு வந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்து அம்மா, "போகட்டும் சாமி, அம்மன் சொன்னாச் சரியா இருக்கும்" என்று முதுகைத் தடவினார். நான் ஆனந்தத்தில் அழுகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

திரும்பி வரும்போது ஜமால் எனக்கு முன்னால் நடந்தான். வாய்க்கால் பாலத்தில் நின்றான்.

"பிரிண்ட் இழுக்குதுன்னியே."

"பொய்டா."

"அந்த டிஸ்க்கு ஓடிட்டே இருந்துச்சே? நிறுத்துனாப் போயிரும்னு?"

"சும்மா ஓடவிட்டது. நிறுத்துனா ஒண்ணும் ஆகாது."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் மூச்சுக்கூட விடாம கதவச் சாத்திட்டுப் போனேன்டா," என்றான். அவன் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்புறம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலை மட்டும் போச்சுன்னா, உங்கம்மன்கிட்டயே வந்து உம்மேல புகார் சொல்வேன். பேப்பர் இருக்குதா உங்க ஊட்டுல?" என்றான்.

எங்கள் வீட்டில் ஏது பேப்பர்? உரக்கடைக்காரர் கொடுத்த பழைய மாதக் காலண்டர்கள் இருந்தன. அவற்றின் பின்பக்கம் வெள்ளை. அதைத் தரையில் பரப்பி இரண்டு பேரும் எழுத உட்கார்ந்தோம். என் பாதி என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக நான் சொல்ல வேண்டும், அவன் குறுக்குக் கேள்வி கேட்பான். முதல் வரி எழுத எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா? பென்சிலைப் பிடித்ததும் விரல் பொத்தானைத் தேடி அசைந்தது. சிவப்பு வந்தாயிற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதினேன். அது தப்பாக இருந்தது. அடித்துவிட்டு அடுத்ததை எழுதினேன். அதுவும் பாதி தப்பு. ஆனால் தாளில் ஏதோ இருந்தது.

அம்மா மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "பேப்பருல எழுதற பாடத்துக்கு எதுக்குக் கண்ணு அந்தப் பொட்டி?"

"கடைசில அதுல ஏத்தோணுங்கம்மா," என்றான் ஜமால். "இவன் மூணு மாசமா வெறும் பொட்டிய ஓட்டிட்டு இருந்திருக்கறானுங்க."

அப்பா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

ஜமால் சில நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். காலண்டர் தாள் தீர்ந்தபோது என் பாதி பெரும்பாலும் முடிந்திருந்தது. கோயமுத்தூர் திரும்பியதும் கல்லூரி லேபில் டைப் செய்தோம். மாமாவின் பெட்டிப் பக்கம் நான் போகவில்லை. லேபிலும் சீட்டு இருந்தது. புரோகிராம் ஓடி முடிவதற்குக் காத்திருக்கிற நேரத்தில் கை அங்கே போகும். ஜமால் திரையைப் பார்க்காமலேயே, "என்ன பூடா வந்துச்சு?" என்பான். "சிவப்பு" என்பேன். கை திரும்பி வந்துவிடும்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது என்று சொன்னால் அது சாட்சி ஆகாது. ஓட்டிய முதல் நாள் இருப்பெல்லாம் இரண்டு மடங்காக வந்தது. அதைச் சரி செய்தால் வேறொன்று நின்றுபோயிற்று. தேர்வு நாள் காலையில்கூட ஒரு தப்பைப் பிடித்துத் திருத்தினோம். வேறென்ன ஒளிந்திருக்கிறதோ என்ற பயம் போகவில்லை. தேர்வாளர் அதிகம் பேசாத ஆள். தானே கையால் கணக்குப் போட்டு வைத்திருந்த சில வரவு செலவுகளைக் கொடுத்து, "இதைப் போட்டு இருப்பை அச்சடித்துக் காட்டுங்கள்" என்றார். ஜமால் பதிந்தான். என் முறை வந்தது. பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் ஒன்றும் செய்யாமல் நின்றது. பிரிண்ட் இழுக்குது என்று நான் சொன்ன பொய் நிஜமாகிவிட்டதோ என்று ரத்தம் உறைந்தது. ஜமால் என் பக்கம் திரும்பவே இல்லை. "தாயே, அவன் பேரைச் சொல்லிக் கேட்டேன். அவன் பேரைக் காப்பாற்று," என்று கண்ணை மூடினேன்.

கிர்ரென்று சத்தம். வரி வரியாகத் தாள் நகர்ந்து வந்தது. தேர்வாளர் அதைக் கிழித்து எடுத்துத் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாக வந்தார். கடைசி வரியில் தலையை ஆட்டினார்.

மார்க் சுமார்தான். என்னுடைய பாதி அவசரத்தில் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். ஆனால் தேறிவிட்டோம். ஆனியில் ஜமால் பெங்களூர் போனான். ரயில் ஏறும்போது, அவன் அத்தா என் தலையில் கை வைத்து, "நீங்களும் நல்லா இருக்கோணும் தம்பி" என்றார். நான் செய்தது எதையும் ஜமால் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான்தான் அப்புறம் ஒருநாள் கடைக்குப் போய்ச் சொன்னேன். குடைக் கம்பியை முறுக்கிக்கொண்டே கேட்டார். "அப்ப அந்த அம்மனுக்கும் என் சலாம் சொல்லீருங்க," என்றார். அதை அன்றைக்கே வந்து சொல்லிவிட்டேன்.

இப்போது நான் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். என் மேசையில் இருக்கிற பெட்டியிலும் சீட்டு இருக்கிறது. பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பெரிய வேலை எதுவும் வந்தால் விரல் இன்னும் தேடும். அப்போது மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிற அன்றைய சிவப்பு அரளியைப் பார்ப்பேன். காய்ந்து கறுத்துப்போய்விட்டது. எனக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும். பார்த்துவிட்டு முதல் வரியைத் தப்பாகவாவது எழுதிவிடுவேன்.

இதைப் படிக்கிற உங்களில் என்னைப் போல ஒரு வேலையின் முன்னால் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். படிக்கிற பிள்ளைகள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அந்தப் பெட்டி நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் புதிதாகச் சீட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு உங்கள் மேல் அக்கறை இல்லை. அம்மனுக்கு இருக்கிறது. அதனால்தான் அவள் ஒருமுறைதான் சொல்வாள். அவளிடம் வாருங்கள். மனதுக்குள் முணுமுணுக்காமல் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் தள்ளிப்போடுகிற வேலையை நம்பி, மூச்சுக்கூட விடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர் யாரோ, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பூ வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.